எந்த ர என்று கேட்டார்கள்

எங்கள் அண்ணா பிரிந்து ஓராண்டு நிறைகின்ற இந்நாளில், இந்நினைவு மலரைக் கையில் ஏந்தியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுவது.

அண்ணா முல்லைத்தீவுக் கடலோரத்தில் பிறந்தார். போர் துரத்தியபோது அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டு மேற்குக் கரையில் உள்ள மாம்புரிக்கு வந்து சேர்ந்தார். அப்பா அதற்கு முன்பே இறந்திருந்தார். பிறர் படகில் கூலிக்குப் போன அண்ணா, பின்னர் சொந்தமாக ஒரு சிறு படகு வாங்கினார். எனக்குத் திருமணம் செய்துவைத்தார், தாம் செய்துகொள்ளவில்லை. கோபம் வந்தால் பேசமாட்டார், சிரிப்பு வந்தால் அடக்கமாட்டார். மாதா கோயில் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் நாடகம் எழுதி நடிப்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை.

அவர் கடைசியாக எழுதிய நாடகத்தில் இரண்டு பேர்தான். கரை என்ற பெண். அவளைத் தேடி வரும் விருந்தாளி. வெள்ளை உடுத்த விருந்தாளி, "கொஞ்சம் தள்ளி இருங்கோ" என்று சிரித்துச் சிரித்தே அவளுடைய பாய் முழுவதையும் பிடித்துக்கொள்வார். பிறகு அவளையே போகச் சொல்வார். "கரை போகாது" என்பாள் அவள். திரை விழும். கரையாக நடித்தவர் அண்ணா.

விருந்தாளி யார் என்று எங்கள் ஊரில் எவரும் கேட்க வேண்டியிருக்கவில்லை. வெளியூர் முதலாளி ஒருவர் கடற்கரையின் ஒரு பகுதியை முட்கம்பியால் அடைத்திருந்தார். அந்த வேலியை வெட்டிய இளம் மீனவர் ஒருவர் அதன் அருகிலேயே இறந்து கிடந்தார். தவறி விழுந்தார் என்று வழக்கை முடித்துவிட்டார்கள். நாடகத்தன்று அவருடைய தாயார் முன்வரிசையில் இருந்தார். எங்கள் வாயில் கரையும் கறையும் ஒரே ஓசைதான். அந்த அம்மா எழுந்து நின்றார்.

"ஓம், போகாது! எத்தினை தரம் கழுவினாலும் போகாது!"

கைதட்டல் எழவில்லை. சனம் கலைந்தது.

சில நாட்களில் அறிமுகமில்லாத இருவர் வீட்டுக்கு வந்தார்கள். நான் கொடுத்த தேநீரைத் தொடவில்லை.

"நாடகம் நல்லம் அண்ணே. ஒரு சந்தேகம். அது எந்த ர?"

"உங்களுக்கு எது கேட்டது?"

"எங்களுக்குக் கேட்டதைச் சொன்னா உங்களுக்குத்தான் கரைச்சல்."

கற்பிட்டியில் அடுத்த முறை மேடையேறும்போது, நாடகத்தின் கருத்தை முதலிலேயே விளக்கிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்கள்.

"சொல்லிப்போடுங்கோ அண்ணா. ஒரு எழுத்துத்தானே" என்று அழுதேன்.

"ஓம், சொல்லுறன். நீ அழாதை."

சொன்னபடியே செய்தார். சேலை உடுத்த வேடத்தோடு திரைக்கு முன்னால் வந்து நின்றார். "கரையெண்டா கடற்கரை. இடையின ர. விருந்தாளியெண்டா விருந்தாளி. வேற ஒரு கருத்தும் இல்லை." குரலில் கேலி இல்லை. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. கடற்கரை என்று மட்டுமே நினைத்து வந்தவர்களுக்கும் மற்ற எழுத்து அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இறுதிக் காட்சியில் அண்ணா "கரை" என்று தொடங்கியதும், "போகாது" என்று கூட்டம் முழுவதும் முடித்தது. அண்ணா அப்படியே நின்று அழுதார். பின்னால் நின்ற அந்த இருவரையும் தேடினேன். போய்விட்டிருந்தார்கள்.

பக்கத்து வளவில் குடியிருக்கும் முஸ்லிம் பெரியவர், நாங்கள் நானா என்று அழைப்பவர், அன்றே சொன்னார்: "தம்பி, எலுவன்குளத்துல எங்கட காணி இரிக்கி. கொஞ்ச நாளைக்கு அங்க போய் இரிங்க. தனியக் கடலுக்குப் போக வாணாம்."

"போட்ட வலை கிடக்கு நானா. எடுத்துப்போட்டு வாறன்."

அவர் போன அன்று கடல் அசையாமல் கிடந்தது. படகு நங்கூரம் இட்டபடி நின்றது. வலை பாதி இழுக்கப்பட்டிருந்தது. அண்ணா அதில் இல்லை. சில நாட்களின் பின் கிடைத்த உடலின் பிடரியில் காயம் இருந்தது. நீரில் மூழ்கி இறந்தார் என்று எழுதினார்கள். நான் கையொப்பமிட்டேன். அடக்கம் செய்வதற்கு அம்மாவுக்கு மகனுடைய உடல் வேண்டியிருந்தது.

படகுகளோடு இறங்கித் தேடிய நானாவுக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும், பாணும் சோறும் கொண்டுவந்து எங்களை உண்ண வைத்த அயலவர்களுக்கும், இன்றுவரை அம்மாவின் அருகில் வந்து படுக்கும் அந்த மீனவரின் தாயாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அடக்கத்துக்கு வர விரும்பியும் அஞ்சி நின்றவர்களை நாங்கள் அறிவோம். அவர்கள்மீது வருத்தமில்லை.

இம்மலரை வீட்டில் வைத்திருக்கத் தயங்குகிறவர்கள் படித்தபின் திருப்பித் தரலாம். எங்கள் வாசலில் ஒரு கதிரை போட்டிருக்கிறோம். அதில் வைத்துவிட்டுப் போங்கள், கூப்பிட வேண்டாம்.

— தங்கை