தேர்வு நாளில் தோட்டத்துக்கு

பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளியில் காலை பத்து மணிக்கு மூன்றாம் வகுப்பின் அடைவுத் தேர்வு தொடங்கியது. சென்ற மாதம் இறந்துபோன என் அக்காளின் பேத்தி செல்வி, அந்நேரம் என் திராட்சைத் தோட்டத்தில் இருந்தாள்.

பந்தலடியில் சீருடையோடு நின்றவளிடம் கேட்டேன்: "ஏன் ஆத்தா, பள்ளிக்கூடம் போகலையா?"

"டீச்சர் இன்னைக்கு வர வேணாம்னு சொன்னாக தாத்தா. நான் எழுதினா ஸ்கூலுக்கு மார்க் கொறஞ்சுருமாம்."

கொடிநோய்க்குப் பந்தலில் தெளித்திருந்த நீல மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கிலேறியது.

அக்காள் பள்ளிக்குப் போன அந்தக் காலத்திலும் இதே வாடைதான். ஆய்வாளர் வரும் நாளில், வாசிக்கத் திணறும் பிள்ளைகளைத் தலைமையாசிரியர் தம் தோட்டத்துக்குப் பழம் பறிக்க அனுப்பிவிடுவார். அக்காளும் போனாள். விரல்களில் மருந்தின் நீலம் படிய, கூலியாகக் கிடைத்த ஒரு கொத்துப் பழத்தோடு மாலையில் திரும்பினாள்.

"இன்ஸ்பெக்டர்கிட்ட தப்பிச்சிட்டியே, கெட்டிக்காரிதான்!" என்று வீட்டில் எங்கள் அய்யா சிரித்தார்.

"நான் போனா பள்ளிக்கூடத்துக்குக் கேவலமாம்ல. இனி என்னைக்குமே போகல" என்றாள்.

போகவேயில்லை. ஆய்வாளர் பள்ளியைப் பாராட்டிச் சென்றார். அக்காள் கடைசிவரை மருந்துச் சீட்டை என்னிடம் நீட்டி, "என்ன எழுதிருக்காக, வாசிப்பா" என்பாள்.

பள்ளியின் சராசரியைக் காப்பாற்றப் பிள்ளையை வெளியேற்றுவதற்கு அலுவலக மொழியில் என்ன பெயரோ அறியேன். நான் அதைத் திருட்டு என்கிறேன்.

இன்னும் செய்யாதவை:

தலைமையாசிரியரை நேரில் கேட்பது.

கல்வி அலுவலருக்குப் புகார் எழுதுவது.

அந்த வினாத்தாளை வாங்கிவந்து செல்வியை எழுதவைப்பது.

அக்காள் படுத்திருந்த கட்டிலின் தலைமாட்டில் இன்னும் கிடக்கும் மருந்துச் சீட்டுகளை அகற்றுவது.