என்னைப் பற்றி ஒரு முறைப்பாடு

இந்த வெள்ளைக்காரர் நாட்டில் நோய் வருத்தம் வருவதற்கும் நேரம் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு போன் எடுத்து, வரிசையில் பதினேழாவது ஆளாகக் காத்திருந்து, அரை மணி நேரம் சங்கீதம் கேட்டால்தான் டொக்டரைக் காணலாம். எட்டரைக்கு எடுத்தால் நாளைக்கு எடுக்கச் சொல்வார்கள். அப்படிச் சொல்கிறவள் நான்தான். பிளேஸ்டோவில் ஒரு டொக்டரின் சேர்ஜரியில், அதாவது கிளினிக்கில், ஒன்பது வருடமாக ரிசெப்ஷனில் இருக்கிறேன். சட்டையில் குத்தியிருக்கும் பெயர் 'டாஷ்'. தர்ஷினியை அவர்கள் சுருக்கவில்லை, நானே சுருக்கிக் கொடுத்தேன்.

ஊர் ஆஸ்பத்திரியில் நம்பர் துண்டு கொடுக்கிறவர் எல்லோர் மேலும் எரிந்து விழுவார். ஆனாலும் எந்த மருந்தைச் சாப்பாட்டுக்கு முன்னம் குடிப்பது என்று அம்மாவுக்கு இரண்டு தரம் சொல்லித்தான் அனுப்புவார். நான் இங்கே ஒருவரையும் ஏசியதில்லை. சிரித்த முகத்தோடு, நல்ல இங்கிலிஷில், வந்தவர்களுக்கு விளங்காமலே அனுப்பிவைத்தேன். சேர்ந்த புதிதில், மருந்துக்கு வந்த ஒரு அண்ணையோடு தமிழில் கதைத்தது உண்மை. அடுத்த கிழமையே நாலு பேர் வந்து, நான் எந்த ஊர், யாருடைய மகள் என்று விசாரித்து, முந்தி அப்பொயின்மென்ட் தரச் சொல்லிக் கேட்டார்கள். அன்றோடு தமிழை வீட்டில் வைத்துவிட்டு வேலைக்கு வந்தேன். பொய் சொல்வானேன், கூட வேலை செய்கிறவர்கள் என்னைத் தங்களில் ஒருத்தியாக நினைப்பது எனக்குப் பிடித்திருந்தது.

போன குளிர்காலத்தில் பரிமளம் அன்ரி ஒரு கடிதத்தோடு வந்தார். சலரோகம், அதுதான் நீரிழிவு, உள்ளவர்; அறுபத்தைந்து வயதிருக்கும். கண் ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணித் திகதியை உறுதி செய்யாவிட்டால் பெயரை வெட்டிவிடுவோம் என்று கடிதத்தில் இருந்தது. அதைக் கவுண்டர்க் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து இங்கிலிஷில் சொன்னேன். அவர் "யெஸ், யெஸ்" என்று தலையாட்டினார். எங்கள் ஆட்கள் கதை கேட்கும்போது 'ஓம், ஓம்' என்பது விளங்கியது என்று அர்த்தமில்லை, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்பதுதான். வெள்ளைக்காரருக்கு இது தெரியாது. எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

வசந்தத்தில் மார்கரெட் வந்தார். எங்கள் கவுன்சில் பகுதியில், நோயாளிகளின் பக்கம் நின்று கேட்பதற்கென்றே ஒரு சிறிய அமைப்பு இருக்கிறது. டொக்டருக்கும் ஆஸ்பத்திரிக்கும் கட்டுப்படாதது. குறைகளைக் கேட்டு எழுதி, திருத்தச் சொல்லி, பதில் வரும்வரை விடாது. ஓய்வுபெற்ற ஆசிரியையான மார்கரெட் அதன் தொண்டர். காத்திருக்கும் இடத்தில் அன்ரிக்குப் பக்கத்தில் அவர் இருந்ததைக் கண்ட மனேஜர், எனக்குத் தமிழ் தெரியும் என்று சொல்லி, மொழிபெயர்க்க என்னை வெளியே அனுப்பிவிட்டார்.

அன்ரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"உமக்குத் தமிழ் தெரியுமே, பிள்ளை?"

"ஓம் அன்ரி."

அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மார்கரெட் 'கம்ப்ளெயின்ட்' என்றதை நான் 'முறைப்பாடு' என்றேன். அன்ரி கைப்பையை இறுக்கிப் பிடித்தார்.

"முறைப்பாடு பொலிசிலயெல்லே குடுக்கிறது? நான் ஒருத்தரையும் காட்டிக் குடுக்க மாட்டன்."

அவருக்கு ஏதோ நோகிறது என்று நினைத்து மார்கரெட் தண்ணீர் எடுத்துவந்தார். "குறை எண்டு வையுங்கோ" என்று நான் மாற்றிக் கேட்டேன். அன்ரி நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்.

"கண் கடிதம் கொண்டு வந்தனான். கவுண்டர்ப் பிள்ளை இங்கிலிஷில என்னவோ சொன்னது, விளங்கேல்லை. பிறகு பாத்தால் ஆஸ்பத்திரியில பேரை வெட்டிப் போட்டினம். இப்ப இடக்கண்ணில நடுவில கறுப்பா நிக்குது. பேரப்பிள்ளையின்ர முகம் தெரியேல்லை."

"கடிதங்கள் விளங்குவது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாம்" என்று மார்கரெட்டுக்குச் சொன்னேன்.

"அவ்வளவு கதைக்கு இவ்வளவுதானோ இங்கிலிஷ்?" என்று கேட்ட அன்ரி, என் முகத்தைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "காரியமில்லை, விடும். உம்மட வேலைக்கு ஏதும் வந்திடும்."

கூனிக் குறுகிப் போனேன். கண்ணைப் பறிகொடுத்தவர் என் சம்பளத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார். மார்கரெட்டிடம் முதலில் இருந்து, ஒன்றையும் விடாமல், திரும்பச் சொன்னேன்.

"அது எந்த ரிசெப்ஷனிஸ்ட்?"

"நான்தான்."

"இல்லையம்மா, இங்கிலிஷில் பேசி அனுப்பியவர் யார்?"

"அதுவும் நான்தான்."

மார்கரெட் பேனையை வைத்துவிட்டு, அங்கிருந்தே கண் ஆஸ்பத்திரிக்கு போன் எடுத்தார். அன்ரியின் பெயர் திரும்ப ஏறியது. வலக்கண் தப்பிவிட்டது. இடக்கண்ணில் போனது போனதுதான் என்று டொக்டர் சொன்னார். அந்த அமைப்பு விடாமல் எழுதியதால் இப்போது கடிதங்கள் தமிழிலும் வருகின்றன. சொன்னதை நோயாளி தன் வாயால் திருப்பிச் சொன்ன பிறகுதான் நாங்கள் அனுப்ப வேண்டும். என் வேலை போகவில்லை, ஒரு நாள் பயிற்சி தந்தார்கள். தண்டனை ஏதாவது கிடைத்திருந்தால் எனக்கு மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அந்த அமைப்பின் அறிக்கை அச்சாகி வந்தபோது, தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லி அன்ரி கேட்டார். காத்திருக்கும் இடத்தில், அவருக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து வாசித்தேன். 'வரவேற்பாளர் தன்னோடு ஆங்கிலத்தில் மட்டுமே பேசியதாக ஒரு தமிழ் நோயாளி, மொழிபெயர்ப்பாளர் ஊடாகக் கூறினார்.' ஒரே வசனத்தில் இரண்டு தரம் நான். இரண்டு இடத்திலும் என் பெயர் இல்லை.

"நல்ல தமிழ் உமக்கு" என்றார் அன்ரி. குத்திக் காட்டவில்லை, மனதாரத்தான் சொன்னார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து யாரோ 'டாஷ்' என்று என்னை அழைத்தார்கள். நான் எழும்பாமல் இருந்தேன். அன்ரி என் கையில் மெல்லத் தட்டினார்.

"போம் பிள்ளை, உம்மட ஆக்கள் கூப்பிடுகினம்."