மடை இல்லாத கரை

அந்த வருஷம் மழைக்கு முன்னால் சுமந்த மண்ணை நினைத்தால் இப்போதும் எனக்குக் கழுத்து வலிக்கிறது. சின்னப் பெண், எட்டு வயசு இருக்கும், இல்லை ஒன்பது. மலைமேலே அணை கட்ட ஆட்கள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்த காலம். கம்பத்துக்குப் போகிற வழியில் எங்கள் ஊர். அங்கே அப்பாவுக்கு உப்புக் கடை. அதை ஒட்டினாற்போல, நடுவில் ஒரே சுவர், சித்தப்பாவுக்குத் தானியக் கடை. முன்பு இரண்டும் ஒரே கடையாக இருந்ததுதான். தாத்தா செத்த மறு வருஷம் அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். சுவர் வந்த பிறகு பேச்சும் நின்றுபோனது.

கடை இருந்த இடம் பள்ளம். மழைக்காலத்தில் அதற்கு இரண்டு பக்கமும் தண்ணீர். முன்னால் தெருத் தண்ணீர் திமுதிமுவென்று வந்து, சீக்கிரமே ஆற்றுப் பக்கம் வடிந்துவிடும். பின்னால் மலையிலிருந்து இறங்குகிற ஓடை. அது நிறைந்தால் கொல்லை வழியாகக் கடைக்குள் புகுந்து முன்வாசலுக்கு வந்துவிடும். அது லேசில் நிற்காது. அதனால் புரட்டாசி பிறந்ததும் தாத்தா இரண்டு கடை அகலத்துக்கும் வாசலுக்கு முன்னால் மண்கரை போடுவாராம். கரைக்கு நடுவில் ஒரு மடை விட்டு, அதை வைக்கோலால் அடைத்து, மேலே சேறு பூசிவிடுவாராம். தெருத் தண்ணீர் வரும்போது மடை அடைத்தபடி இருக்கும். ஓடைத் தண்ணீர் உள்ளே வந்துவிட்டால் வைக்கோலைப் பிடுங்கினால் போதும், உள்ளே வந்தது முன்பக்கமாக வெளியே போய்விடும். இதெல்லாம் நான் வளர்ந்த பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், கரை என்றால் தண்ணீரைத் தடுக்க வேண்டும் என்பதுதான்.

பாகம் பிரித்தபோது படிக்கல், தராசு, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் பிரித்தார்கள். மடையை மட்டும் பிரிக்க முடியவில்லை. அது சரியாக நடுச்சுவருக்கு நேரே இருந்தது. என் பக்கம் இருக்கட்டும் என்றார் அப்பா. ஏன், என் பக்கம் இருந்தால் ஆகாதா என்றார் சித்தப்பா. நேருக்கு நேர் சொல்லிக்கொள்ளவில்லை. கடைக்கு வந்தவர்களிடம் சொல்லிவிட்டார்கள். கடைசியில் யாருக்கும் மடை வேண்டாம் என்று ஆனது. அவரவர் பக்கத்துக் கரையை அவரவர் போட்டுக்கொண்டு வந்து நடுவில் முட்டினார்கள்.

அதோடும் நிற்கவில்லை. எந்தக் கரை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம்தான் தெருத் தண்ணீர் ஏறும் என்று இருவருக்கும் பயம். அப்பா ஒரு சாண் உயர்த்தினால் சித்தப்பா மறுநாள் ஒன்றரைச் சாண் உயர்த்துவார். மண் சுமந்தது நாங்கள்தான். எங்கள் பக்கத்துக்கு அம்மாவும் நானும், அவர்கள் பக்கத்துக்குச் சித்தி. கண்மாயில் வெட்டிய களிமண் கூடையில் ஏறினால் கழுத்து உடம்புக்குள் இறங்கிவிடும் போலிருக்கும். நடந்து நடந்து அம்மாவின் கால் வெடிப்பில் ரத்தம் கசிந்தது.

கடைத்தெருவில் எதிரே வந்தால் அம்மாவும் சித்தியும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். கண்மாய் வளைவு வந்ததும் கூடையை இறக்கிவைத்துவிட்டு, ஒருத்தியின் தலைச் சும்மாட்டை மற்றவள் சரிசெய்து கொடுப்பாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குக்கா?" என்பாள் சித்தி.

"அவுக ரெண்டு பேருக்கும் கை வலிக்கிற மட்டும்."

"அவுகளுக்கு எங்கன வலிக்கும்? மண்ணு நம்ம தலையிலல்ல இருக்கு."

சிரிக்கக்கூடத் தெம்பு இருக்காது. மறுபடியும் தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

அப்பாவையும் குறை சொல்ல முடியாது. அணை வேலைக்குப் போகிற ஜனங்களுக்கு உப்பு வேண்டியிருக்கும் என்று வழக்கத்தைவிட இரண்டு மடங்கு மூட்டை இறக்கியிருந்தார். அம்மா காதில் தொங்கிய தண்டட்டி இரண்டும் அதற்குத்தான் போயிருந்தன. இந்த மூட்டைகள் கரைந்துவிட்டால் மறுபடி கடை போட எங்களிடம் வேறு ஒன்றும் இல்லை. இதை அப்பா சொல்லவில்லை. ஆனால் தினமும் காலையில் கடை திறந்ததும் அடுக்கின் அடி மூட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

உப்பு ஏற்ற வந்த வண்டிக்காரர் ஒருவர் கரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை பார்த்துவிட்டுச் சொன்னார்: "மலையில ஒரு அணைன்னுதான் கூலிக்குப் போறாக. இங்கன ரெண்டு அணை இருக்கறத ஒருத்தரும் சொல்லலையே."

"உப்பு வச்சிருக்கறவனுக்குத்தான்யா தெரியும்" என்றார் அப்பா.

"அது சரி, மடை எங்கன?"

"வராத தண்ணிக்கு எதுக்கு மடை?"

வண்டிக்காரர் சித்தப்பா கடையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, மாட்டைத் தட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஐப்பசி பிறக்க இரண்டு நாள் இருக்கும்போது வேலை முடிந்தது. இரண்டு கரையும் முட்டுகிற இடத்தைப் பூசும் வேலை மட்டும் பாக்கி. அதை அம்மாவிடம் விட்டுவிட்டு அப்பா கோம்பைக்குப் போய்விட்டார். சித்தப்பாவும் அன்று சந்தைக்குப் போயிருந்தார். அம்மா இந்தப் பக்கம், சித்தி அந்தப் பக்கம், இரண்டு பேரும் பேசாமல் குனிந்து பூசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். கிட்டப் போனபோது அம்மா என்னைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டாள்.

மறுநாள் அந்த இடத்தில் ஒரு வைக்கோல் துண்டு நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். இன்னும் வந்தது. சுரண்டிப் பார்த்தால் உள்ளே முழுக்க வைக்கோல். சித்தி மண் சுமக்க முடியாமல், வைக்கோலைத் திணித்து எல்லோரையும் ஏமாற்றிவிட்டாள் என்று நினைத்தேன். எவ்வளவு கோபம் வந்ததோ அவ்வளவு பாவமாகவும் இருந்தது. அவள் தனியாக அல்லவா சுமந்தாள். காட்டிக்கொடுக்க மனசில்லை. தோள்வரை கையை விட்டு எல்லாவற்றையும் பிடுங்கினேன். தெருவில் கிடந்த கல்லாகப் பொறுக்கிவந்து அடைத்தேன். அப்பா கரைக்கு மேல் பூச வைத்திருந்த சுண்ணாம்புக் கலவை சட்டியில் மிச்சம் இருந்தது. அதையும் அள்ளி உள்ளே இறுக்கி, மேலே களிமண் தடவினேன். சாயங்காலம் வரை ஆயிற்று. பழைய மாதிரியே இருந்தது. யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

மூன்றாம் நாள் மழை பிடித்தது. விட்டபாடில்லை. இரண்டு நாள் தெருத் தண்ணீர் கரையில் வந்து மோதி மோதித் திரும்பியது. அப்பா வாசலில் நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படி, "ஒரு சொட்டு வரல பாத்தியா" என்றார். அந்தப் பக்கமிருந்து, "இங்கனயுந்தான் வரல" என்று குரல் வந்தது. அந்த ஒரு வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டதாக எனக்கு நினைவிருப்பது அதுதான்.

அதற்கடுத்த நாள் மத்தியானம் ஓடை கொல்லைச் சுவரைத் தள்ளிக்கொண்டு வந்தது. கணுக்கால், முழங்கால் என்று கடைக்குள் தண்ணீர் ஏறியது. முன்னால் கரை அசையாமல் நின்றது. நாங்கள் ஒரு தொட்டிக்குள் நிற்கிற மாதிரி இருந்தது.

அம்மா நேரே கரை முட்டுகிற இடத்துக்குப் போய்க் குனிந்தாள். தன் கடை வாசலிலிருந்து சித்தியும் தண்ணீரை மிதித்துக்கொண்டு அங்கேயே வந்தாள். இருவரும் தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவினார்கள்.

"இங்கனதானக்கா வச்சோம்?"

"இங்கனதான். நல்லாப் பாரு."

"கல்லு இருக்குக்கா. கல்லுதான் இருக்கு."

அப்பா உள்ளே மூட்டைகளைத் தூக்கி மேலே போட்டபடி, "அங்கன என்னத்தத் தேடிக்கிட்டு நிக்கிறீக? மூட்டையத் தூக்குங்க" என்றார். அவர்கள் நிமிரவில்லை. அம்மாவின் நகம் பெயர்ந்து தண்ணீரில் ரத்தம் ஓடியது. பிறகுதான் அப்பா மண்வெட்டியோடு வந்தார். சித்தப்பாவும் வந்தார். ஒரே இடத்தில் மாறி மாறி வெட்டினார்கள். நாங்கள் சுமந்த மண் அவ்வளவு சீக்கிரம் இளகவில்லை. கரை உடைந்து தண்ணீர் தெருவில் பாய்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். உள்ளே போய்ப் பார்த்தால் அடி மூட்டைகள் வெறும் சாக்காகக் கிடந்தன. மேலே இருந்தவை அவற்றின்மேல் சரிந்து, அவையும் கசிந்துகொண்டிருந்தன. சித்தப்பா விதைக்கு வைத்திருந்த சோளத்தில் எங்கள் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது.

"ஒரு மடை விட்டிருக்கலாம்" என்றார் சித்தப்பா, யாரையும் பார்க்காமல்.

"விட்டிருக்கலாம்" என்றார் அப்பா.

அம்மாவும் சித்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அம்மா உடைந்த கரைமேல் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு களைத்து அவளை நான் பார்த்ததில்லை. சந்தோஷப்படட்டும் என்று காதோரம் போய்ச் சொன்னேன்: "சித்தி அங்கன வைக்கோலத் திணிச்சு வச்சிருந்துச்சும்மா. நான்தான் பிடுங்கிப் போட்டுட்டுக் கல்லு வச்சேன். இல்லாட்டி இன்னும் நெறையத் தண்ணி வந்திருக்கும்."

அம்மா என் கையை இழுத்து விரித்தாள். சுண்ணாம்பு பட்டு விரலெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"அப்பாகிட்டச் சொன்னியா?"

"இல்ல."

"சித்திகிட்ட?"

"இல்ல."

"யாருகிட்டயும் சொல்லாத, ஆத்தா. எப்பவும் சொல்லாத."

சரி என்று தலையாட்டினேன். அம்மாவும் சித்தியைக் காட்டிக்கொடுக்க விரும்பவில்லை என்று புரிந்துகொண்டேன். மறுநாள் ஈரச் சாக்குகளை உலர்த்தப் போட்டுக்கொண்டிருந்த சித்தி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவளைப் பெரிய ஏச்சிலிருந்து காப்பாற்றிவிட்டோம் என்ற சந்தோஷத்தில் நானும் சிரித்தேன்.