திருவாதிரைக்கு இரண்டு சாட்சி

நகல் எடுப்பதுதான் துர்காதேவியின் பிழைப்பு. செய்யூரில் பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை. கலர் ஜெராக்ஸ் போட்டு அசல் என்று நீட்டினாலும் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவாள். அப்படிப்பட்டவளிடமே ஒருத்தி நகலை நீட்டுகிறாளோ என்ற சந்தேகம் பொங்கலில் இருந்து அவள் நெஞ்சை அரித்துக்கொண்டிருந்தது. அந்த ஒருத்தி வேறு யாருமில்லை. புதுப்பட்டினத்து ஷாஹிதா, கூடப் பிறக்காத தங்கை.

கொரோனாவுக்கு முந்தைய குளிர்காலத்தில் திருவாதிரை நட்சத்திரம் திடீரென்று மங்கிப்போனதாகப் பேப்பரில் செய்தி வந்தது. துர்கா பிறந்தது அந்த நட்சத்திரத்தில்தான். எனக்குத்தான் ஏதோ ஆகப்போகிறது என்று அவள் பயந்து நடுங்கினாள். புருஷன் ஜெகதீசன்தான் அவளைத் தான் ஓட்டும் ஸ்கூல் வேனில் ஏற்றிக்கொண்டு போய் செங்கல்பட்டு வானியல் மன்றத்தின் கூட்டத்தில் இறக்கிவிட்டான். பக்கத்து நாற்காலியில் ஷாஹிதா. சில நட்சத்திரங்களின் ஒளி ஏறி இறங்குவது இயல்புதான், அதை வெறும் கண்ணாலேயே அளக்கலாம் என்று அங்கே சொன்னார்கள். பிரகாசம் மாறாத நட்சத்திரங்கள் இரண்டை வைத்துக்கொண்டு, திருவாதிரை எதற்குப் பக்கமாக இருக்கிறது என்று எண்ணில் சொல்ல வேண்டும். எண் கூடினால் ஒளி குறைவு என்று அர்த்தம். அந்த எண்ணை, உலகமெங்கும் இருந்து வரும் கணக்குகளைச் சேர்த்து வைக்கும் ஒரு தளத்துக்கு போனிலேயே அனுப்பிவிடலாம்; யார் என்ன எண் போட்டார்கள் என்று அங்கே எல்லோரும் பார்க்கலாம்.

பயந்து போனவள் பைத்தியமாகத் திரும்பி வந்தாள். அன்று முதல் குளிர்காலம் வந்தால் சாயங்கால சீரியல் கிடையாது. செய்யூரில் இவள் மொட்டை மாடி, புதுப்பட்டினத்தில் அவள் மொட்டை மாடி. இருவருக்கும் ஒரே சட்டம். இரண்டு பேரும் அனுப்பி முடிக்கும்வரை ஒருத்தி எண்ணை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. அனுப்பிய பிறகுதான் போன். அதில் மட்டும் சண்டை ஓயாது.

"இன்னாக்கா நீ, அதையே உத்து உத்துப் பாக்கிற! செவப்பு நட்சத்திரத்த முறைச்சா அது கண்ணுல ஏறிகினு ஜாஸ்தியாத் தெரியும்னு மன்றத்து சார் சொன்னாரா இல்லியா?"

"போடி, நீதான் அடுப்புல பால வெச்சிட்டு ஓடுற மாதிரி பாக்கிற!"

எப்போதும் ஷாஹிதாவின் எண் துர்காவுடையதைவிடக் கொஞ்சம் மங்கலாகவே இருக்கும். அது அவள் கண்ணின் கையெழுத்து மாதிரி. பொங்கலுக்குப் பிறகு அந்தக் கையெழுத்தே காணாமல் போனது! இவள் 0.5 போட்டால் அங்கேயும் 0.5. இவள் 0.6 என்றால் அங்கேயும் 0.6. அதுவும் இவள் அனுப்பிய பிறகுதான் அங்கிருந்து வருகிறது.

இந்த நேரம் பார்த்து மன்றத்து வெங்கடேசன் சார் போன் செய்தார். "நம்ம உறுப்பினர்களோட திருவாதிரைக் கணக்க எல்லாம் ஒண்ணா சேர்த்து ஒரு வரைபடம் பண்றோம்மா. நீங்க ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பாக்கிறதால, ஷாஹிதா கணக்குக்கு நீங்கதான் சாட்சி. சந்தேகம் இருந்தா சொல்லிடுங்க, மொத்தமா எடுத்துடலாம்."

மொத்தமாக! இத்தனை குளிர்காலம் அண்ணாந்து நின்ற கழுத்து வலி அத்தனையும் ஒரே சொல்லில் குப்பைக்குப் போய்விடும். சொல்லாமல் விட்டாலோ, பொய்க்குச் சாட்சி கையெழுத்து. துர்கா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"இன்னாமே, சக்களத்தி வந்த மாதிரி மூஞ்ச வெச்சிகினு கீற?" என்றான் ஜெகதீசன்.

"நீ சும்மா கெட!"

அன்று மாலை அவள் மாடி ஏறினாள். திருவாதிரை 0.5 என்று கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் 0.9 என்று அனுப்பினாள். ரோகிணி அளவுக்கு மங்கிவிட்டது என்று ஒரு பச்சைப் பொய். நட்சத்திரம் பார்ப்பவள் செய்யக் கூடாத பாவம். கொஞ்ச நேரத்தில் தளத்தில் ஷாஹிதாவின் கணக்கு வந்து விழுந்தது.

0.9.

உடனே போனும் அடித்தது. துர்கா எடுக்கவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

மறுநாள் கடையைப் பூட்டிவிட்டு புதுப்பட்டினம் பஸ் ஏறினாள். ஷாஹிதாவின் பேன்சி ஸ்டோருக்குப் பின்னாலேயே வீடு. வளையல் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் இவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"அக்கா! சொல்லாம கொள்ளாம! நேத்து ஏன்க்கா போன் எடுக்கல?"

"நேத்து மாடியில நல்லாத் தெரிஞ்சுதா?"

"ம்... தெரிஞ்சுதுக்கா."

"எங்க நின்னு பாத்தே? காட்டு, வா."

ஷாஹிதாவின் முகத்தில் ரத்தம் வற்றியது. "நாஸ்தா துன்னுட்டுப் போலாம்க்கா" என்று கையைப் பிடித்தாள். துர்கா உதறிவிட்டுப் படியேறினாள்.

மேலே மொட்டை மாடி இல்லை. தகர ஷீட் கூரையும் நாலு தடுப்புமாக அறைகள் இருந்தன. கொடியில் வரிசையாகப் பேன்ட்டுகள் காய்ந்தன. கான்ட்ராக்ட் வேலைக்கு வந்த வடநாட்டு இளைஞர்கள் குக்கரை இறக்கிக்கொண்டே, யாரிது என்று விழித்தார்கள். வானம் ஒரு சாண்கூட இல்லை.

படியின் கீழே ஷாஹிதா சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

"பொங்கலுக்கு மாடில ரூம் போட்டு வாடகைக்குக் குடி வெச்சாருக்கா எங்க வூட்டுக்காரரு. ஆம்பளைங்க இருக்கிற எடம், நான் எப்படி மேல போறது? தெருவுல பாக்கலாம்னா முக்குல பெரிய லைட்டு, கண்ணக் குத்துது."

"அத எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"கணக்கு அனுப்பினாத்தானே நீ எங்கிட்ட பேசுவ? அதுதானே நம்ம சட்டம்? நாள் முச்சூடும் கிளிப்பு, வளையல்னு விக்கிற வாய்க்கா இது. மனுஷியா ஒருத்திகூடப் பேசுறது அப்போ மட்டுந்தான். வானம் போச்சு. நீயும் போயிட்டா?"

துர்காவின் கோபம் பாதி கரைந்தது. மீதிப் பாதி வாயைத் திறந்துவிட்டது. "அதுக்குன்னு பொய்யா அனுப்புவியா? நேத்து நான் போட்டதே பொய்டி! உன்னப் புடிக்கத்தான் போட்டேன்!"

ஷாஹிதா நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையைத் துர்கா சாகும்வரை மறக்கமாட்டாள்.

"நீயா போட்ட? நீயாக்கா? துர்காக்கா கண்ணு பொய் சொல்லாதுன்னு நம்பித்தானே நான் அதையே போட்டேன்!"

 துர்கா போனை எடுத்து, அவள் கண்ணெதிரிலேயே தன்னுடைய 0.9 ஐ அழித்தாள். ஷாஹிதாவும் தன்னுடையதை அழித்தாள். அதோடு விடாமல் பொங்கல்வரை பின்னோக்கிப் போய் ஒவ்வொன்றாக அழித்தாள். அங்கே வந்ததும் விரல் நின்றது.

"அதுக்கு முந்தியது?"

"தொடாத. அதெல்லாம் உன்னுது" என்றாள் துர்கா. "அதுக்காக எங்கூட எத்தினி சண்ட போட்டிருக்க! காப்பி அடிக்கிறவ சண்ட போடமாட்டா."

ஷாஹிதா சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாப் வரை கூட வரவும் இல்லை. பஸ்ஸில் உட்கார்ந்தே துர்கா வெங்கடேசன் சாருக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள். தன் பொய்யையும் சேர்த்துச் சொன்னாள். பழைய கணக்குக்கு மட்டும் நான் சாட்சி என்றாள். சார் "சரிம்மா" என்றார்.

அன்று மாலை துர்கா 0.5 என்று அனுப்பினாள். அங்கிருந்து கணக்கு வருமென்று காத்திருக்கவில்லை. சட்டத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அவளே போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அறுந்துபோகும் நேரத்தில் எடுத்தாள் ஷாஹிதா. பின்னால் ஒரே சிரிப்புச் சத்தம்.

"இருக்கா, இரு! எண்ணச் சொல்லிடாத! நான் தெருவுல நிக்கிறேன். அந்த லைட்டு மறைய அவரு குடை புடிச்சிகினு நிக்கிறாரு. தெருவே பாத்து சிரிக்குது!"

"மழையே இல்லாம குடை புடிக்க வெச்சிட்டியேம்மா தங்கச்சி!" என்று துர்காவுக்குக் கேட்கும்படி தூரத்தில் கத்தினார் ஷாஹிதாவின் புருஷன் அமானுல்லா. பிறகு பெண்டாட்டியிடம், "கை வலிக்குது, சீக்கிரம் பாரு புள்ள!"

 பிறகு தளத்தில் வந்தது: 0.7.

துர்கா திடுக்கிட்டாள். இவ்வளவு மங்கலா? காப்பி இல்லை என்று காட்ட வேண்டுமென்றே எண்ணை ஏற்றிப் போடுகிறாளோ? பழைய புழு நெஞ்சில் ஒருமுறை நெளிந்தது. அண்ணாந்து பார்த்தாள். முறைக்காமல், பட்டென்று ஒரு பார்வை. நட்சத்திரம் உண்மையிலேயே கொஞ்சம் மங்கலாகத்தான் தெரிந்தது.

"ஒனக்கு எவ்ளோக்கா?"

"0.5. மாத்தமாட்டேன்."

"முறைச்சிருப்ப!" என்றாள் ஷாஹிதா. சண்டை ஆரம்பமானது.