முகூர்த்த நாளில் விடுமுறை

சின்னசேலம் போகிற ரோட்டில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்துக்கு யார் பத்திரிகை வைத்தாலும் ஜெயசுதா போகாமல் இருந்ததில்லை. தூரத்துச் சொந்தமோ, கூட்டுறவுச் சங்கத்தில் கூட வேலை பார்ப்பவரின் கொழுந்தியாளோ, யார் கல்யாணமாக இருந்தால் என்ன? பத்திரிகையில் மண்டபத்தின் பேரைப் பார்த்துவிட்டால் போதும், மணலூர்பேட்டையிலிருந்து முதல் ஆளாகக் கிளம்பிவிடுவாள். அவள் புருசன் அய்யப்பன் வண்டியை எடுத்துக்கொண்டே, "இன்னா, காலேஜுக்குக் கிளம்பிட்டியா?" என்பான். கிண்டல்தான். ஆனால் உண்மையும் அதுதான். ஜெயசுதா மூன்று வருசம் படித்துப் பட்டம் வாங்கியது அந்த மண்டபத்தில்தான்.

சிரிக்காதீர்கள். அரசாங்கம் ஒரு கல்லூரியை அறிவித்துவிடும். கட்டடத்துக்கு இடம் பார்க்க வேண்டும், நிதி வர வேண்டும், பூமி பூஜை போட வேண்டும். அதுவரைக்கும் பிள்ளைகளை வயசாகாமல் நிறுத்தி வைக்கவா முடியும்? கிடைத்த இடத்தில் பாடத்தை ஆரம்பிக்க வேண்டியதுதான். இந்தக் கல்லூரிக்குக் கிடைத்தது கல்யாண மண்டபம். மணமகள் அறையில் முதல்வர் உட்கார்ந்தார். மணமகன் அறை ஆபீஸ் ஆனது. மேடைக்கு முன்னால் வரலாறு. சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் கணக்கு, நடுவில் ஒரு தட்டி. மண்டபக்காரரோடு ஒரே ஒரு ஒப்பந்தம்: முகூர்த்த நாளில் மண்டபம் அவருக்கு, விடுமுறை பிள்ளைகளுக்கு. தினசரிக் காலண்டரைக் கிழித்துப் பார்த்து லீவு தெரிந்துகொண்ட காலேஜ் வேறு எங்கேயாவது உண்டா, சொல்லுங்கள்.

அவள் அதைத் தேர்ந்தெடுத்த கதையே தனி. அப்போது அவள் பிறந்த ஊரான நைனார்பாளையத்தில் மே மாசம் வந்தால் வேன் வரும். ப்ளஸ் டூ முடித்த பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது என்று அந்த வேன்காரர்களுக்கு எப்படித்தான் தெரியுமோ, நேராக வாசலில் வந்து நிற்பார்கள். பிள்ளையையும் அப்பா அம்மாவையும் ஏற்றிக்கொண்டு போய்த் தங்கள் காலேஜைச் சுற்றிக் காட்டி, மத்தியானம் சாப்பாடும் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். ஜெயசுதாவின் அப்பா தெய்வசிகாமணி மரவள்ளி போடுகிறவர். அந்த மே மாசம் முழுக்க அவர் வயலுக்குப் போனதைவிட வேனில் போனதுதான் அதிகம். ஒரு காலேஜில் பிரியாணி, இன்னொன்றில் ஏசி அறை. கடைசியாகப் போன இடத்தில் வாசலிலேயே தண்ணீர் பீச்சியடிக்கும் தொட்டி. மழை பொய்த்த வருசத்திலும் இப்படித் தண்ணீரை வீணடிக்க முடிகிறதென்றால் இது பெரிய இடம்தான் என்று முடிவு கட்டிவிட்டார்.

ஜெயசுதா அங்கே நூலகத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். கூட வந்தவர் தலையைச் சொறிந்தார். சாவி வைத்திருப்பவர் லீவாம். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தாள். புத்தகமெல்லாம் பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் அடுக்கியிருந்தது. அவளுக்கு மனசே விட்டுப்போயிற்று.

மறுநாள் அப்பாவை நச்சரித்து மண்டபத்துக்குக் கூட்டிப்போனாள். அவர் பைக்கை விட்டு இறங்கவே இல்லை. "இன்னாம்மா, யாருக்குனா மொய் வெக்க வந்தமா?" என்று கேட்டார். அவள் மட்டும் உள்ளே போனாள். பந்திக்கு அரிசி, பருப்பு இறக்கி வைக்கிற மளிகை அறைதான் நூலகம். மூட்டை அடுக்கும் பலகை மேல் புத்தகங்கள். கதவுக்குப் பூட்டே இல்லை. கவிழ்த்துப் போட்ட அண்டா மேல் ஒரு பெண் உட்கார்ந்து, சுற்றிலும் இரைந்து கிடந்த புத்தகங்களுக்கு நடுவே தலை தூக்காமல் படித்துக்கொண்டிருந்தாள். ஜெயசுதா வெளியே வந்து, "இங்கதாம்பா சேரப் போறேன். அங்க புஸ்தகத்தப் பூட்டி வெச்சிக்கிறாங்க. இங்க தொறந்து கெடக்குது" என்றாள்.

தெய்வசிகாமணி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தார். ஊரும் சும்மா இருக்குமா? சாம்பார் வாசனையில் என்ன சரித்திரம் ஏறும் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தது. கடைசியில் அவரைச் சமாதானப்படுத்தியது அவருடைய அக்கா ராஜாம்பாள். மணலூர்பேட்டையில் பெண்ணையாற்றை ஒட்டிக் கரும்புக் கொல்லை வைத்திருக்கும் ராஜாம்பாள், தம்பி மகளைத் தன் மகன் அய்யப்பனுக்கு என்று எப்போதோ பேசி வைத்திருந்தாள். எங்கே படித்தால் என்ன, எப்படியும் தன் வீட்டுக்கு வரப்போகிற பெண்தானே என்பது அவள் கணக்கு. அந்தக் கணக்குக்கு ஜெயசுதா எதிர்ப்பு சொல்லவில்லை. அய்யப்பனைப் பிடிக்காமலும் இல்லை. பட்டத்தை வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஆசை. அவர்கள் குடும்பத்தில் அதுவரை ஒரு பெண் கூடப் பட்டம் வாங்கியதில்லை.

அண்டா மேல் உட்கார்ந்திருந்த அந்தப் பெண் பூமாலை, ஜெயசுதாவின் வகுப்பிலேயே சேர்ந்தவள். கல்வராயன் மலையில் கரியாலூரிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கி வருகிறவள். வளைவு வளைவாக மலை இறங்கி, கள்ளக்குறிச்சியில் பஸ் மாறி, வாந்தியும் மயக்கமுமாக வந்து சேர்ந்தால் சில நாள் வாசலில் வாழைமரம் கட்டியிருக்கும். மலை மேல் யார் வந்து முகூர்த்த நாள் என்று சொல்வார்கள்? ஒரு ஆவணி மாசம் இப்படி நாலைந்து தரம் ஏமாந்துவிட்டு, "ஒங்க ஊர்ல நல்ல நாளு ரொம்ப ஜாஸ்தி" என்று பூமாலை சொன்னபோது ஜெயசுதாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து காலண்டர் பார்ப்பது ஜெயசுதாவின் வேலை. வளர்பிறை எது, ராகு காலம் எப்போது, எமகண்டம் எப்போது, எல்லாம் அவளுக்கு மனப்பாடம். வகுப்பே அவளைக் கேட்டுத்தான் கிளம்பும். பிறகு முகூர்த்த நாளையும் அவர்கள் விடவில்லை. மளிகை அறைப் புத்தகங்களை முந்தின நாளே எடுத்து வைத்துக்கொண்டு, மண்டபத்துக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்பார்கள். உள்ளே நாதஸ்வரம் ஊதும். பசித்தால் பந்தியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு என்று நினைப்பார்கள், மாப்பிள்ளை வீட்டார் பெண் வீடு என்று நினைப்பார்கள். ஒருவரும் ஒன்றும் கேட்டதில்லை. ஜெயசுதாவுக்கு இன்றைக்கு நல்ல வேலை, நல்ல வீடு எல்லாம் இருக்கிறது. ஆனாலும் அந்த வேப்பமரத்தடியில் இருந்த சந்தோசம் பிறகு வரவே இல்லை என்று அவளே சொல்லுவாள்.

இரண்டாம் வருசம் முடிகிற சமயம் ராஜாம்பாள் அவசரப்பட ஆரம்பித்தாள். சித்திரையிலேயே முடித்துவிடலாம் என்றாள். படிப்பு என்னாவது என்று ஜெயசுதா கேட்டதற்கு எல்லோரும் ஒரே பதில்தான் சொன்னார்கள்: அப்புறம் படித்துக்கொள்ளலாம். அந்த அப்புறம் எந்தக் காலண்டரிலும் வராத கிழமை என்பது நம் பெண்களுக்குத் தெரியாதா என்ன? தெய்வசிகாமணி, பக்கத்தில் இருக்கிறது என்று அதே மண்டபத்தைப் பேசினார். பத்திரிகை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகுதான் பரீட்சை அட்டவணை வந்தது. வெள்ளிக்கிழமை காலை பத்து மணி, தமிழக வரலாறு. கல்யாணமும் அதே வெள்ளிக்கிழமை, அதே மண்டபத்தில்.

வகுப்பே அவள் மேல் பாய்ந்தது. பரீட்சையை வேறு ஊருக்கு மாற்றினால் மலையிலிருந்து வருகிறவள் எப்படி வருவாள், துணையில்லாத பெண்களை யார் அனுப்புவார்கள்? முதல்வரே நைனார்பாளையத்துக்கு வந்து தெய்வசிகாமணியிடம் கெஞ்சிப் பார்த்தார். முகூர்த்தத்தை மாற்றுவது நடக்கிற காரியமா? தெய்வசிகாமணி கையைப் பிசைந்தார். வழி சொன்னவள் பூமாலைதான். முகூர்த்தம் காலை ஏழரைக்குள் முடிந்துவிடுகிறது. பிள்ளைகள் எல்லோரும் விடியலிலேயே வந்து பந்தி பரிமாறி, ஒன்பதுக்குள் கூட்டத்தை வெளியே பந்தலுக்கு நகர்த்தி, நாற்காலியை எடுத்துவிட்டு பெஞ்சைப் போட்டுவிடுவார்கள். பரிமாற இத்தனை ஆள் சும்மா கிடைக்கிறதே என்று தெய்வசிகாமணி உடனே தலையாட்டினார். எல்லோருக்கும் நிம்மதி.

மணப்பெண் எழுதுவாளா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. இந்த ஒரு பேப்பரை விட்டால் அரியர். கல்யாணம் ஆனவளின் அரியரை யார் எழுத விடப்போகிறார்கள்? மூன்றாம் வருசம் அத்தோடு போயிற்று என்று அர்த்தம்.

கள்ளக்குறிச்சியில் முகூர்த்தப் புடவை எடுக்கப் போன அன்றைக்கு, கடையில் புடவைகளை விரித்துப் போட்டிருக்கும்போது அவள் வாயைத் திறந்தாள். "அத்த, அன்னிக்கு எனக்குப் பரீட்ச இருக்குது. எழுதிட்டு வரேன்."

ராஜாம்பாள் புடவையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளிக்கெழம பத்தரைக்கு ராகு காலம். அதுக்குள்ள நீ எங்க வூட்டு வாசப்படி மிதிச்சாவணும். எட்டரைக்கு வண்டி கெளம்பும்."

"ராகு காலம் பன்னெண்டு மணிக்கு முடிஞ்சிடும் அத்த. எமகண்டம் மூணு மணிக்குத்தான். பரீட்ச ஒரு மணிக்கு முடியுது. ஒடனே கெளம்புனா ரெண்டரைக்கெல்லாம் ஒங்க வூட்ல இருப்பேன். நடுவுல எல்லாம் நல்ல நேரந்தான்."

கடைக்காரர் கூடக் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். ராஜாம்பாளுக்குப் பஞ்சாங்கத்தில் யாரும் பதில் சொன்னதில்லை. கொஞ்ச நேரம் விரலை மடக்கி மடக்கிப் பார்த்தாள். பிசகு ஒன்றும் அகப்படவில்லை. அதுவரைக்கும் மாப்பிள்ளை என்ன பண்ணுவான் என்று கேட்டாள். கடை வாசலில் நின்றிருந்த அய்யப்பன், "நான் வெளில ஒக்காந்துக்கினு இருக்கேம்மா" என்றான். ராஜாம்பாள் மகனை ஒரு முறை முறைத்தாள். "பாக்கலாம்" என்று எழுந்துவிட்டாள். அது சரி என்றும் ஆகவில்லை, இல்லை என்றும் ஆகவில்லை.

கல்யாண நாள் வரைக்கும் அந்தப் பேச்சை ராஜாம்பாள் எடுக்கவே இல்லை. அன்றைக்குத் தாலி ஏறியது. பிள்ளைகள் இட்லியும் பொங்கலுமாக ஓடி ஓடிப் பரிமாறினார்கள். எட்டரை ஆனது, வண்டி கிளம்பவில்லை. ஒன்பதுக்கு நாற்காலிகள் போய் பெஞ்சுகள் வந்தன. பூமாலை ஹால் டிக்கெட்டையும் பேனாவையும் கொண்டுவந்து மேடையிலேயே கொடுத்தாள். ஜெயசுதா மாலையைக் கழற்றினாள். கழற்றியதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றபோது ஒரு கை நீண்டது. ராஜாம்பாள். சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. மாலையை வாங்கிக்கொண்டு வெளியே போய்க் கதவோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பட்டுப்புடவையோடு ஜெயசுதா எழுதினாள். எழுத எழுத வளையல் குலுங்கியது; பக்கத்துப் பெஞ்சுக்காரி முறைத்ததும் அதை முழங்கைக்கு ஏற்றிக்கொண்டாள். பன்னிரண்டு மணிக்கு மேல் வெளியே முணுமுணுப்பு கேட்டது. பெரியவர்கள் யாரோ, இது என்ன கூத்து, புதுப்பெண்ணை உட்கார வைத்து எழுத விடுவதா என்று பேசினார்கள். வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அத்தையை ஊர் பேசும்படி வைத்துவிட்டோமே என்று ஜெயசுதாவுக்குத் தோன்றிவிட்டது. கடைசிப் பெரிய கேள்வி பாக்கி. போகட்டும் என்று தாள்களைச் சேர்த்துக் கட்டி, கொடுக்க எழுந்தாள்.

கதவோரத்திலிருந்து ராஜாம்பாள் பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உட்கார் என்று கையைக் காட்டினாள். ஜெயசுதா புரியாமல் நிற்கவும், வாய் திறந்தே சொல்லிவிட்டாள்.

"இன்னும் ஒன்னு ஆவல. நேரம் குடுத்துக்கிறாங்க இல்ல? ஒக்காந்து எழுது."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. கண்காணிப்பாளர் வந்து சத்தம் போடக்கூடாது அம்மா என்றார். ராஜாம்பாள் அவரை விட்டுவிட்டு வெளியே திரும்பி, ஹாரன் அடித்த வண்டிக்காரரை ஒரு பிடி பிடித்தாள். அதற்குப் பிறகு வெளியே ஒரு சத்தமும் இல்லை. ஜெயசுதா உட்கார்ந்து, சோழர் காலத்து ஏரி வாரியத்தைப் பற்றி நாலு பக்கம் எழுதினாள்.

வண்டி தியாகதுருகம் தாண்டியதும் ராஜாம்பாள் மருமகள் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நேரம் கடைசியில் என்னத்தை எழுதினாய் என்று கேட்டாள். ஜெயசுதா பயந்துகொண்டே சொன்னாள். ஏரியைப் பார்த்துக்கொள்ள அந்தக் காலத்தில் ஊரே ஆள் தேர்ந்தெடுத்ததையும், அவர்கள் வருசா வருசம் தூர் வாரிக் கரை கட்டியதையும் சொன்னாள். "அதெல்லாமா புஸ்தகத்துல போட்டுக்கிறான்?" என்றாள் ராஜாம்பாள். இப்போது எவன் பார்க்கிறான் என்று தங்கள் ஊர் ஏரியைப் பற்றிக் கொஞ்ச தூரம் திட்டிக்கொண்டே வந்தாள். பக்கத்தில் அய்யப்பன் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மணலூர்பேட்டை வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மூன்று மணிக்கு இன்னும் நேரம் இருந்தது. ஆரத்தி எடுத்தார்கள். வாசலில் பெரிய கூட்டம். ராஜாம்பாள் மருமகளின் கையைப் பிடித்து, வலது காலை எடுத்து வைத்து வரச் சொன்னாள். ஜெயசுதா வாசப்படியைத் தாண்டியதும், கையை விடாமலே காதோரம் குனிந்தாள்.

"லீவு வுட்டு மறுபடி எப்பம்மா காலேஜ் தொறக்குறாங்க?"

ஜெயசுதா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தேம்பித் தேம்பி அழுகைதான் வந்தது. பெத்தவங்களை விட்டு வந்த துக்கம் பாவம் என்று சுற்றி நின்ற பெண்கள் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஜூன்ல அத்த" என்றாள்.