வாசல் எந்தப் பக்கம் வேண்டும்?

மழை விட்ட மறுவாரம், முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவுக்குள் ஒரு ஜீப் வந்தது. மேலே மைக் கட்டியிருந்தார்கள். சினிமா விளம்பரம் என்று நினைத்து வெளியே வந்தேன். இல்லை... பொதுமக்களின் கருத்தைக் கேட்கப் போகிறார்களாம். தெருக்கோடியில் இடிந்து கிடக்கும் பழைய தறிக் கொட்டகை மனையில் மூன்று மாடிக்கு ஃபிளாட் வரப்போகிறதாம். எங்கள் அபிப்பிராயம் தெரியாமல் ஒரு செங்கல்கூட வைக்க மாட்டார்களாம்.

எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று நாமாகப் போய்ச் சொன்னால் நிமிர்ந்துகூடப் பார்க்காதவர்கள், வீடு தேடி வந்து அபிப்பிராயம் கேட்டால் என்ன அர்த்தம்?

கூட்டம் புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு. அந்த நேரத்தில் ஆண்கள் மில்லில் இருப்பார்கள். பெண்கள் மார்க்கெட்டில் இருப்பார்கள். தெரிந்துதான் வைத்தார்களா, தெரியாமல் வைத்தார்களா? நான் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

பள்ளிக்கூட ஹாலில் நாற்காலி, ஃபேன், டீ, ஆளுக்கொரு சமோசா. சுவரில் பெரிய கலர்ப் படம் — மூன்று மாடி, புல்தரை, பால்கனியில் நின்று சிரிக்கும் ஒரு குடும்பம். மொட்டை மாடியில் டி.வி. ஆன்டெனாவைக்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். கூட்டத்தை நடத்த வந்த அதிகாரி எங்களைக் கைகூப்பி உட்கார வைத்தார். பக்கத்தில் பில்டர். வெள்ளைச் சட்டை, தங்க வாட்ச். அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

"மெயின் கேட்டை வடக்குப் பார்த்து வைக்கலாமா, கிழக்குப் பார்த்து வைக்கலாமா? நீங்கதான் சொல்லணும்" என்றார் அதிகாரி.

அவ்வளவுதான். ஹால் இரண்டாகப் பிரிந்துவிட்டது. கயிற்றுக் கடை காதர் பாய் எழுந்து, "வடக்குல வச்சா என் கடை முன்னாடி வண்டி நிக்கும். கிழக்குலயே வைங்க" என்றார். வடக்குதான் குபேர திசை என்றார் ஒரு மேஸ்திரி. ஆளாளுக்குப் பேசினார்கள். அதிகாரி எல்லோருக்கும் ஆர்வமாகத் தலையாட்டினார். கட்டலாமா, வேண்டாமா என்ற கேள்வி எந்த இடத்தில் காணாமல் போனது என்று எனக்குத் தெரியவில்லை.

என் பக்கத்தில் முசியே சவரி உட்கார்ந்திருந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குபவர். காதோரம் குனிந்து சொன்னார்: "பிரெஞ்சுக்காரங்க காலத்துல நம்மளக் கேக்காம கட்டுனாங்க. இப்பக் கேட்டுட்டுக் கட்டுறாங்க. சமோசா மட்டுந்தான் புதுசு."

அப்போது கடைசி வரிசையில் அஞ்சலை எழுந்தாள். குருசுக்குப்பத்திலிருந்து எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வருபவள். அன்றைக்குக் கூடையை ஓரகத்தியிடம் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

"ஐயா, இந்தப் படத்துல எங்க சந்து எங்க இருக்கு?"

அதிகாரி படத்தைப் பார்த்தார். பிறகு பில்டரைப் பார்த்தார். அந்த மனையின் ஓரமாகப் போகும் சந்துதான் குப்பத்திலிருந்து எங்கள் பேட்டைக்கு வரும் குறுக்குவழி. படத்தில் அந்த இடத்தில் புல்தரை இருந்தது. அதன்மேல் ஒரு கார் நின்றது.

"மாத்து வழி பரிசீலனையில இருக்கும்மா."

"எந்தப் பக்கமா?"

"மெயின் ரோட்டைச் சுத்தி வரலாமே."

"சுத்தி வந்தா வெயில் ஏறிடும்யா. மீன் நைஞ்சு போயிடும். அப்புறம் அத யாரு வாங்குவா? எங்க பொழப்பே இந்தச் சந்துலதான் நடக்குது."

"குறிச்சுக்கறோம்மா" என்றார் அதிகாரி. கையில் பேனா இல்லை.

மறுவாரம் பத்திரிகையில் செய்தி வந்தது. அடுக்குமாடித் திட்டத்துக்குப் பொதுமக்கள் வரவேற்பாம். கிழக்கு வாசல் கோரிக்கை ஏற்கப்பட்டதாம். அஞ்சலையைப் பற்றி ஒரு வரி இல்லை.

காதர் பாய் முகம் வெளுத்துவிட்டது. "நான் வாசலப் பத்திதானப்பா பேசுனேன்?" என்றார்.

நாங்கள் சிலர் அதிகாரியைப் போய்ப் பார்த்தோம். "ஆட்சேபணை இருந்தா அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றார். அஞ்சலை சொன்னாளே என்றோம். "ஒருத்தர் சொன்னா அது பொதுக்கருத்து ஆயிடுமா சார்?" என்றார் சிரித்துக்கொண்டே.

மாசியில் ஒரு காலை, கிழக்கே குப்பத்துப் பக்கம் சந்தின் வாயில் முள்கம்பி கட்டியிருந்தது.

அஞ்சலையும் மற்ற பெண்களும் கத்தவில்லை. கூடைகளை அங்கேயே இறக்கினார்கள். போக வழியில்லை என்றால் இங்கேயே விற்கிறோம் என்று உட்கார்ந்துவிட்டார்கள். கிழக்கு வாசல் வரவேண்டிய இடத்தில் மீன் மார்க்கெட் வந்துவிட்டது. செதில் பறந்தது. மீன் கழுவின தண்ணீர் ஓடியது. காக்காய்கள் கூடின. தெருக்காரர்கள் நாங்கள் மெயின் ரோட்டைச் சுற்றிக்கொண்டு போய் அங்கேயே வாங்கினோம். காதர் பாய் தினமும் வாங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிளாட் புக் செய்ய வந்தவர்கள் காரை விட்டு இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அப்படியே திரும்பிவிட்டார்கள். அடுத்த ஞாயிறும் அதே கதைதான். அதற்குப் பிறகு, கூட்டத்தில் வாயே திறக்காத பில்டர் தானாக வந்தார்.

"என்னாம்மா வேணும் உங்களுக்கு?"

"வழி" என்றாள் அஞ்சலை.

கம்பியைப் பிரித்தார்கள். வரவிருந்த மதில் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போனது. சந்து திரும்பக் கிடைத்தது — தலையில் கூடையோடு எதிரெதிரே வரும் இரண்டு பேர் ஒதுங்கிப் போகிற அகலத்துக்கு. தெருவே சந்தோஷப்பட்டது. எனக்கு மட்டும் நிம்மதி வரவில்லை. இத்தனை சுலபமாக விட்டுக்கொடுப்பார்களா என்ன? மூன்று மாடியிலும் ஆள் குடிவந்த பிறகு இந்த மனசு இருக்குமா?

நேற்று அஞ்சலை மீன் கொண்டு வந்தபோது கேட்டேன். "வழிய அடைக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்திருக்காரா?"

"இல்லண்ணே. வாய்ல சொன்னதுதான்."

"அப்புறம் என்ன தைரியத்துல இருக்கீங்க?"

"தைரியம்லாம் ஒண்ணுமில்ல. நாலு நாள் ஆள் நடமாட்டம் இல்லன்னா அடைச்சிடுவாங்கன்னு தெரியும். அதான், படகு கடலுக்குப் போவாத நாள்லயும் யாராச்சும் ஒருத்தி வெறுங்கூடையத் தூக்கிட்டு வந்துட்டுப் போறோம்."

எனக்குக் குப்பத்தில் ஒரு வேலையும் கிடையாது. இருந்தாலும் இன்று முதல் காலை வாக்கிங்கை அந்தச் சந்து வழியாக மாற்றிக்கொண்டுவிட்டேன்.

சர்க்கரைக்கு நடை ரொம்ப நல்லது என்கிறார் டாக்டர்... அவரிடம் காரணத்தைச் சொல்லவில்லை.