பட்டியலில் தனியாக நின்ற பெயர்

அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டாகிறது. திதிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் வெறும் புகழுரையை எதிர்பார்த்தால், கொஞ்சம் ஏமாறுவீர்கள்.

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில், பால்மரம் வெட்டிய பெற்றோருக்கு ஐந்தாவது பிள்ளையாகப் பிறந்தவர் அப்பா. தைப்பிங்கில் படித்து, அரசாங்கத்தில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, தூதரக அதிகாரி ஆனார். பிடிவாதம் மட்டும் கூடவே பிறந்தது.

எனக்குப் பதினைந்து வயதானபோது அவர் பணியில் இருந்த நாட்டில் புரட்சி வெடித்தது. அதிபர் ஓடிவிட்டார். நாட்டைவிட்டு வெளியேறக் கடப்பிதழில் முத்திரை குத்தக்கூட ஆளில்லை. அப்பா அலைந்து திரிந்து ஒரு பேருந்து பிடித்து, நம் நாட்டு மாணவர்களையும் குடும்பங்களையும் எல்லைக்கு அனுப்பினார். அம்மாவும் நானும் அதில் இருந்தோம்.

ஊரைத் தாண்டுமுன் துப்பாக்கிக்காரர்கள் மறித்தார்கள். பட்டியலில் முப்பத்திரண்டு பேர், வண்டியில் முப்பத்தோரு பேர். மிச்ச ஆளை எங்கே ஒளித்தீர்கள் என்று அதட்டினார்கள். எல்லாம் என் பெயரால் வந்த வினை. ‘மகள்’ என்பதற்கு நம் அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே போடும் ‘ஏ/பி’யோடு வரி முடிந்துவிட, அவசரத்தில் தட்டச்சு செய்தவர் அப்பாவின் பெயரை அடுத்த வரியில் எண் போட்டுத் தனி ஆளாக்கியிருந்தார்.

வழியனுப்பத் தம் காரில் பின்னால் வந்த அப்பா, அது தம் பெயர்தான் என்று விளக்கினார். அப்படியென்றால் நீயும் ஏறு என்றான் அவர்கள் தலைவன். அம்மா ஜன்னல் வழியே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

“பேருதான் இருக்குலா. ஏறிடுங்க.”

“தெற்கேருந்து இன்னும் பதினோரு பிள்ளைங்க வரணும். நானும் போயிட்டா அதுங்க யாருகிட்ட போகும்? நீங்க போங்க, நான் வாரேன்.”

பேனாவை எடுத்துப் பட்டியலில் தம் பெயரைத் தாமே கோடிட்டு அடித்தார். வண்டி கிளம்பியது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது.

ஒன்பது நாள் ஒரு தகவலும் இல்லை. ஈப்போ வீட்டில் தொலைபேசி மணி அடித்தாலே அம்மா எழுந்து ஓடுவார். பத்தாம் நாள் அப்பா அந்தப் பதினோரு பேரோடும் வந்து இறங்கினார். மெலிந்திருந்தார். பசிக்கிறது என்றார்.

ஓய்வுக்குப் பிறகு சிறுநீரகம் பழுதாகி, கடைசி ஆறு மாதம் மருத்துவமனையும் வீடுமாகக் கழிந்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்த தாதியருக்கும், சோறு சமைத்து அனுப்பிய அண்டை வீட்டாருக்கும் நன்றி.

உடன்பிறந்தார் இல்லாத எனக்குத் துணையாக, இறுதிப் பயணத்தில் அப்பாவைத் தூக்க வந்து நின்ற அந்தப் பதினோரு பேருக்கும் நன்றி. அந்த ஒன்பது நாளும், நீங்கள் பதினோரு பேரும் எக்கேடு கெட்டாலும் சரி, அப்பா மட்டும் வரட்டும் என்றுதான் சாமியிடம் கேட்டேன். என்னை மன்னித்துவிடுங்கள்.